ஆளறியும் அறைகள்: கோட்டக்குப்பத்தைச் சுற்றி ஒரு தொழில்நுட்ப வரலாறு

புதுச்சேரியின் வடக்கு எல்லையைக் கடந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் விரியும் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் நிர்வாகம் இந்திய அரசிடம் ஒப்படைக்கப்படும்வரை, பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடைப்பட்ட விளிம்பூராக அது இருந்தது. தெற்கே பிரெஞ்சுக்காரர் வளர்த்த நகரம், வடமேற்கே ஆரோவில், கிழக்கே வங்கக் கடல் என்று அமைந்த இச்சிறு நிலப்பரப்பில், ஒரு கட்டடத்துக்குள் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் காற்றையும் யார் கவனித்துக்கொள்வது என்ற கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கிடைத்திருக்கின்றன.

ஆள் நடமாட்டத்தை அறிந்து விளக்கு, மின்விசிறி, குளிரூட்டி ஆகியவற்றைத் தானே இயக்கி, ஆள் அகன்றதும் தானே நிறுத்தும் அசைவுணரி, அதாவது வழக்கில் மோஷன் சென்சார் என்று சொல்லப்படும் கருவி, அந்த விடைகளில் மிக அண்மையது. அமெரிக்கத் திருட்டெச்சரிக்கைக் கருவிகளில் தொடங்கி, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி வழியாக வந்து, இன்றைய அலுவலக வளாகங்களில் முடிவதாகவே அதன் வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அவ்வாறு சொல்லும்போது வெப்ப நாடுகள் அக்கருவியை விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொண்ட இடங்களாக மட்டுமே தோன்றுகின்றன. உண்மையில், அக்கருவிக்கு அடிப்படையான இயற்பியல் விளைவு நவீன ஐரோப்பாவின் கவனத்துக்கு வந்தது இலங்கையின் மணிக்கல் ஒன்றின் வழியாகத்தான். மின்விசையின் துணையின்றிக் கட்டடத்தின் வெப்பத்தை ஆளும் கலை இருபதாம் நூற்றாண்டில் எட்டிய சிகரங்களுள் ஒன்றும் கோட்டக்குப்பத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே நிற்கிறது. இவ்விரண்டையும் விட்டுவிட்டு எழுதப்படும் வரலாற்றால், அதே கருவி இக்கரையோரத்தில் பல இடங்களில் ஏன் எதிர்பார்த்தபடி வேலை செய்வதில்லை என்பதை விளக்க முடியாது.

மின்சாரம் வருவதற்கு முன்பு இப்பகுதியின் வீடுகளில் வெப்பத்தை ஆண்டவை சுவரும் கூரையும் வீட்டாரின் அன்றாடப் பழக்கமுமே. தடித்த செங்கற்சுவரின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, மரச்சட்டங்களின்மீது சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் மூடும் மெட்ராஸ் டெரஸ் கூரை வேய்ந்து, நடுவில் முற்றமும் தெருப்பக்கம் திண்ணையும் விட்டுக் கட்டிய வீடு, பகல் வெப்பத்தை மெல்ல வாங்கிக்கொண்டு இரவில் மெல்ல வெளிவிட்டது. வெயில் ஏறுவதற்கு முன் சன்னலைச் சாத்துவதும், பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் அதைத் திறப்பதும் வீட்டிலிருந்தோர் கைப்பழக்கமாயின. கட்டடமும் அதில் வாழ்பவரும் சேர்ந்தே ஒரு கட்டுப்பாட்டு அமைப்பாக இயங்கினர் என்று இதைச் சொல்வது மிகையாகாது.

காலனிய ஆட்சியாளர்களின் அலுவலகங்களும் மாளிகைகளும் இதனோடு இன்னொன்றைச் சேர்த்தன. உத்தரத்திலிருந்து தொங்கும் நீண்ட துணிச் சட்டகத்தைக் கயிற்றால் இழுத்து அசைக்கும் பங்கா, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவின் நீதிமன்றங்களிலும் படைமுகாம்களிலும் உணவறைகளிலும் பரவியது. கயிறு சுவரைத் துளைத்துத் தாழ்வாரத்துக்குச் செல்ல, அங்கே உட்கார்ந்து அதை இழுப்பவர் உள்ளே யார் இருக்கிறார், எப்போது எழுந்து போனார் என்பதை ஓசையாலும் குரலாலும் அறிந்து, இழுக்கவோ நிறுத்தவோ வேண்டியிருந்தது. ஆள் இருப்பை உணர்ந்து காற்றை இயக்கும் முதல் 'உணரி' ஒரு மனிதர்தான். மணிக்கணக்கில் ஒரே அசைவைச் செய்துகொண்டிருந்த அம்மனிதர் கண்ணயர்ந்துவிட்டால் அடி விழுந்தது. அவ்வடியால் உயிரே போன நிகழ்வுகள் நீதிமன்றம்வரை வந்து, குற்றம் புரிந்த ஐரோப்பியர் சிறு தண்டனையோடு தப்பியதும் அக்காலத்து இந்தியச் செய்தித்தாள்களின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. தானியங்கிக் கருவியின் வரலாற்றைப் பேசும்போது, அது யாருடைய உழைப்பின் இடத்தில் வந்து அமர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மின்விசிறி அந்த உழைப்பை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1895இல் சென்னையில் மின் டிராம் ஓடத் தொடங்கியது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின் மின்சாரம் மாகாணத்தின் உட்பகுதிகளுக்குப் பரவியது. 1957இல் தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்து, 1962இல் நெய்வேலியின் நிலக்கரி மின்னாகத் தொடங்கியபோது, பழைய தென்னார்க்காடு மாவட்டமே மின் உற்பத்தி செய்யும் மாவட்டமாயிற்று. சுவரில் பொருத்திய ஸ்விட்ச் மலிவானது, எளியது. ஆயினும், பங்கா இழுத்தவர் அறிந்திருந்த ஒன்றை அது அறியாது. அறையில் ஆள் இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. வீட்டில் அந்தக் குறையைப் பெரியவர்களின் கண்டிப்பு ஈடுகட்டியது. மின்கட்டணம் எவர் கையிலிருந்தும் நேரே போகாத அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் அதை ஈடுகட்ட எவரும் இல்லை. ஆளில்லா அறையில் சுழலும் விசிறி தமிழ்நாட்டின் பொது இடங்களில் ஒரு நிரந்தரக் காட்சியானது அப்போதிலிருந்துதான்.

குளிர்நாடுகளில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுந்து, வேறு தீர்வைப் பெற்றது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன், வகுப்பறைக்குள் வெப்பநிலையைப் பார்த்துவரப் பணியாளர் அடிக்கடி நுழைந்து பாடத்தைக் கலைப்பதைத் தவிர்க்க எண்ணி, அறையின் வெப்பநிலையைத் தானே உணர்ந்து கொதிகலன் அறைக்கு மின்குறிப்பு அனுப்பும் கருவியைச் செய்து, 1883இல் காப்புரிமை பெற்றார். ஈராண்டுகளில் மில்வாக்கி நகரில் நிறுவனமும் தொடங்கினார். கட்டடத்தின் ஆற்றலைத் தானியங்கியாக ஆளும் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. கதவும் சன்னலும் இறுக மூடிய, உள்ளே சூடேற்றிய அறையே அத்தொழிலின் அடிப்படைக் கற்பனை. பிற்காலத்து அசைவுணரியும் அதே கற்பனைக்குள்தான் பிறந்தது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அதற்கு நேர் எதிரான கற்பனை ஒன்று, 1930களில் புதுச்சேரியில் கட்டடமாக எழுந்தது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் சாதகர்கள் தங்குவதற்காகத் திட்டமிடப்பட்ட கோல்கொண்டா என்னும் அவ்விடுதிக்கு, ஐதராபாத் நிஜாம் அரசின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரியின் வழியாக நிதி கிடைத்தது. பெயரும் அதனாலேயே அமைந்தது. பொஹீமியாவில் பிறந்து, ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் பணியாற்றி, டோக்கியோவில் தொழில் நடத்திவந்த அன்டோனின் ரேமண்ட் அதன் கட்டடக் கலைஞர். அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்த ஜப்பானிய அமெரிக்கர் ஜார்ஜ் நகாஷிமாவும், லெ கொர்பூசியேவிடம் பணிபுரிந்த செக் நாட்டவர் ஃபிரான்டிசெக் சாமரும் களத்தில் நின்று அதைக் கட்டினர். 1937இல் தொடங்கிய பணி, உலகப் போரின் தட்டுப்பாடுகளுக்கிடையே 1940களில் நிறைவுற்றது. பிற்காலத்தில் மரத்தச்சுக் கலையில் உலகப் புகழ் பெற்ற நகாஷிமாவின் வாழ்க்கையில் இக்கட்டடம் ஒரு திருப்புமுனை.

கோல்கொண்டாவின் நீண்ட முகப்புகள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. காலை, மாலை வெயில் தாழ்ந்து விழும் கிழக்கு, மேற்கு முகங்கள் குறுகியவை. அறைகள் தெற்கிலும் அவற்றை இணைக்கும் தாழ்வாரம் வடக்கிலும் அமைய, இரு முகப்புகளும் தரைதளம் முதல் கூரைவரை கண்ணாடியோ சுவரோ இல்லாமல், அசைக்கத்தக்க கிடைமட்டத் தகடுகளால் மூடப்பட்டிருக்கின்றன. லூவர் எனப்படும் இத்தகடுகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. ஒரு பகுதியின் தகடுகள் அனைத்தும் ஒரே பித்தளை நெம்புகோலால் சேர்ந்து திரும்பும். வெயில் ஏறும்போது சாய்த்தும், மழையில் மூடியும், கடற்காற்று வரும்போது கிடையாகத் திறந்தும் அறையில் இருப்பவரே அவற்றை ஆள்கிறார். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் இடையிலுள்ள தேக்குமரச் சறுக்குக் கதவின் சட்டங்கள், பார்வையை மறைத்துக் காற்றை மட்டும் விடும்படி அடுக்கப்பட்டவை. தெற்கிலிருந்து நுழையும் காற்று அறையைக் கடந்து, அக்கதவின் வழியே தாழ்வாரத்துக்குப் போய், வடக்குத் தோட்டத்தில் இறங்குகிறது. கூரையின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இரண்டாவது கூரையாக நின்று, இடையில் காற்றோட விட்டு, வெயிலை முதற்கூரைக்குத் தராமல் தடுக்கின்றன. வலுவூட்டிய கான்கிரீட் இந்தியாவில் புதுமையாக இருந்த நாளில், வேலைக்களத்திலேயே மாதிரி அறை கட்டிச் சோதித்து, ஆசிரமத்தார் தந்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கித் தாழ்களும் நெம்புகோல்களும் வார்த்து இதைச் செய்து முடித்தனர்.

இக்கட்டடத்தில் மின்னணுக் கருவி ஏதும் இல்லை. ஆனால், பிற்காலத்தில் தானியங்கிக் கட்டடம் என்று சொல்லப்பட்ட எதுவும் செய்ய முயலும் வேலை, அதாவது வெளிச்சூழல் மாறும்போது கட்டடமும் மாறிக் கொடுப்பது, இங்கே நடக்கிறது. உணர்வது வாழ்பவரின் தோல். முடிவெடுப்பது அவர் அறிவு. இயக்குவது அவர் கை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வாழ்பவர் கட்டடத்தை நாள்தோறும் கவனிக்க வேண்டும். ஒழுங்கை வாழ்முறையாக ஏற்றுக்கொண்ட ஆசிரமத்தில் அது கைகூடியது. ஆயிரம் பேர் வந்துபோகும் அலுவலகத்திலோ திருமண மண்டபத்திலோ அக்கவனிப்பை எதிர்பார்க்க இயலாது என்பதால்தான், கவனிப்பை ஒரு கருவியிடம் ஒப்படைக்கும் தேவை எழுகிறது.

அக்கருவியின் கதை கோல்கொண்டாவுக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்பே தொடங்குகிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்தில் (அதே கம்பெனி 1693இல் புதுச்சேரியையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றி, ஆறாண்டு வைத்திருந்து, 1699இல் திருப்பிக் கொடுத்தது), இலங்கையின் மணிக்கற்களோடு டூர்மலின் என்னும் கல்லும் ஆம்ஸ்டர்டாம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. சூடான கரித்துண்டின் அருகே வைத்தால் அக்கல் சாம்பலை இழுத்துப் பிடிப்பதையும், சிறிது நேரத்தில் அதையே எறிந்து விடுவதையும் டச்சுக்காரர் கண்டு வியந்தனர். அதற்குச் சாம்பல் இழுப்பான் என்று பொருள்படும் பெயரும் இட்டனர். யோஹான் ஷ்மிட் என்னும் ஜெர்மானியர் 1707இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி பதிவாயிற்று. இலங்கைக் காந்தம் என்று அக்கல் அழைக்கப்பட்டது. காந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, நடப்பது மின்விளைவு என்பதை 1756இல் ஃபிரான்ஸ் எபினஸ் ஆய்ந்து காட்டினார்: கல்லின் வெப்பநிலை மாறும்போது அதன் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் தோன்றுகின்றன. டேவிட் புரூஸ்டர் 1824இல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். தமிழில் இதை வெப்பமின் விளைவு எனலாம். பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் அழுத்தத்தால் மின் பிறக்கும் விளைவைக் கண்டறிந்த ஆய்விலும் டூர்மலினுக்குப் பங்குண்டு.

இவ்விளைவில் ஒரு நுட்பம் உண்டு. அசைவுணரியின் வலிமையும் குறையும் அதிலிருந்தே பிறக்கின்றன. வெப்பம் இருப்பதால் மின் தோன்றுவதில்லை. வெப்பம் மாறும்போது மட்டுமே தோன்றுகிறது. எவ்வளவு சூடான பொருளாயினும் அசையாமல், மாறாமல் இருந்தால் அது வெப்பமின் படிகத்துக்குப் புலப்படாது.

1800இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியின் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெப்பமானி ஏறுவதைக் கண்டார். அகச்சிவப்புக் கதிர் எனப்படும் இதை எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கேற்ப வெளிவிடுகின்றன; மனிதத் தோல் மிகுதியாக வெளிவிடும் அலைநீளம் ஏறத்தாழ 9.5 மைக்ரோமீட்டர். இன்று கடைகளில் விற்கும் அசைவுணரியின் வெண்ணிற மூடியைக் கழற்றினால், உள்ளே விரல்நுனி அளவுள்ள உலோகக் குப்பி ஒன்று இருக்கும். அதன் சிறு சாளரத்துக்குப் பின்னால், செயற்கை வெப்பமின் பொருளால் ஆன இரண்டு பட்டைகள் எதிரெதிர் மின்திசையில் இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுவதும் ஒரே சீராகச் சூடேறினால் இரு பட்டைகளின் மின்னும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஓர் ஆள் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு பட்டையும் பிறகு மற்றதும் அவர் உடல் வெப்பத்தைக் காண, மின்குறி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே 'ஆள் வந்தார்' என்ற செய்தி. வெண்மூடி வெறும் உறையன்று. கலங்கரை விளக்கங்களுக்காக அகஸ்டின் ஃபிரெனெல் 1820களில் வடிவமைத்த பட்டைவில்லையின் வழிவந்த வில்லைத் தொகுதி அது. சாதாரணக் கண்ணாடி இவ்வலைநீளத்தை விடாது என்பதால் பாலித்தீனால் வார்க்கப்படுகிறது. அறையை விசிறி மடிப்புகள்போல் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பட்டைகளின்மேல் குவிப்பது அதன் வேலை.

இத்தகைய உணரிக்கு முன்பே, 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் சாமுவேல் பாக்னோ மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை அறைக்குள் பரப்பி, திரும்பிவரும் ஒலியின் அலைவெண் மாறுவதிலிருந்து அசைவை அறியும் திருட்டெச்சரிக்கைக் கருவியை அமைத்திருந்தார். அது ஓயாமல் ஒலி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். வெப்பமின் உணரியோ எதையும் அனுப்பாமல், உடல் தரும் கதிரை வாங்கிக்கொள்வதோடு சரி. மலிவும் சிக்கனமும் சேர்ந்ததால் பின்னதே பரவியது.

1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில் கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, மேலைநாடுகள் கட்டடங்களின் ஆற்றல் செலவைச் சட்டத்தால் கட்டுப்படுத்த முனைந்தன. திருடனைக் காட்டிக்கொடுக்கச் செய்த கருவி, ஆளற்ற அறையைக் காட்டிக்கொடுக்கும் வேலைக்கு வந்தது. இந்தியாவில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டு, அதன்கீழ் ஆற்றல் திறன் செயலகம் 2002 மார்ச்சில் அமைந்தது. 2007இல் வந்த ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் விளக்குகளைத் தானே அணைக்கும் அமைப்பு வேண்டும் என்றும், 30 சதுர மீட்டருக்குக் குறைந்த தனி அலுவலக அறைகள், கூட்ட அறைகள், பள்ளி வகுப்பறைகள், சேமிப்பறைகள் ஆகியவற்றில் ஆள் இருப்பை அறியும் உணரி வேண்டும் என்றும் வகுத்தது. ஆனால், அவ்விதிகள் 100 கிலோவாட் இணைப்புச் சுமை கொண்ட வணிகக் கட்டடங்களிலிருந்தே தொடங்குகின்றன. கோட்டக்குப்பம் போன்ற ஊரின் கடைகளும் மதரசாக்களும் சிறு மண்டபங்களும் விடுதிகளும் பெரும்பாலும் அவ்வரம்புக்குக் கீழே உள்ளவை. சட்டம் இவ்வூரைத் தொட்டும் தொடாமலும் கடந்துபோகிறது.

சட்டம் வந்த வழியும் கருவி வந்த வழியும் ஒன்றே என்பதால், இரண்டிலும் ஒரே குறை உள்ளது: இரண்டும் மூடிய அறையின் விளக்கையே மையமாகக் கொண்டவை. தோலின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 33 முதல் 35 பாகை செல்சியஸ்வரை இருக்கும். குளிரூட்டிய அறையில் சுவர் 24 பாகையில் இருக்க, அதன் முன்னே நடக்கும் மனித உடல் உணரிக்குத் தெளிவாகத் தெரியும். வைகாசி மாதத்துப் பிற்பகலில், குளிரூட்டி இல்லாத கோட்டக்குப்பம் வீட்டின் சுவரும் கூரையும் 35 பாகையைத் தொடும்போது, உடலுக்கும் சுவருக்கும் வேறுபாடே அற்றுப்போகிறது. நடந்து செல்பவர் உணரியின் பார்வையில் சுவரோடு சுவராகிவிடுகிறார். விசிறி மிகத் தேவைப்படும் நேரத்தில்தான் உணரியின் பார்வை மங்குகிறது என்பது இக்கருவியை இக்கரையோரத்தில் பயன்படுத்துவோர் அனைவரும் அறிய வேண்டிய உண்மை. இதனோடு, திறந்த சன்னலில் வெயிலேறிய திரைச்சீலை காற்றில் ஆடினாலும் ஆள் வந்ததாக அது எண்ணும். மீயொலி உணரியோ சுழலும் விசிறி இறக்கையையே ஆளாகக் கொள்ளக்கூடும். அசையாமல் அமர்ந்து படிப்பவரையும் உறங்குபவரையும் வெப்பமின் உணரி காணாது. அண்மைக் காலத்தில் வந்துள்ள நுண்ணலை ரேடார் உணரிகள், மூச்சு விடும்போது மார்பு அசைவதைக்கூட அறியவல்லவை. இச்சூழலுக்கு அவையே பொருத்தம், விலைதான் இன்னும் கூடுதல்.

எதைச் சேமிப்பது என்பதிலும் இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது. சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் எடுத்த பழைய குழல்விளக்குகளின் காலத்தில் விளக்கை அணைப்பதே பெரிய சேமிப்பு. 9 வாட் எல்இடி பல்பு ஒன்று நாளுக்குப் பத்து மணி நேரம் வீணே எரிந்தாலும் மாதத்துக்கு 2.7 யூனிட்தான் போகிறது; அதிலும் நாள் முழுதும் விழித்திருக்கும் உணரி எடுக்கும் அரை வாட்டைக் கழிக்க வேண்டும். 75 வாட் மின்விசிறி நாளுக்கு நான்கு மணி நேரம் வீணே சுற்றினால் மாதத்துக்கு 9 யூனிட். ஒன்றரை டன் குளிரூட்டியின் கம்ப்ரஸர் நாளுக்கு இரண்டு மணி நேரம் வீணே ஓடினால் 90 யூனிட்டை நெருங்கும். விடுதி அறைகளில் சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் அமைப்பு நிலைபெற்றதற்குக் காரணம் இக்கணக்குத்தான். விசிறியைப் பொறுத்தவரை, அணைப்பதைவிடத் திறன் மிக்கதாக மாற்றுவது பெரும்பாலும் மேலானது: கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012இல் 35 வாட்டில் அதே காற்றைத் தரும் சூப்பர்ஃபேன் விசிறியைக் கொண்டுவந்தபோது, உணரி எதுவுமின்றியே பாதிச் செலவு குறைந்தது. 2008ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டின்போது வீடுதோறும் இன்வெர்ட்டர் வாங்கியவர்களுக்கு, ஒவ்வொரு வாட்டின் விலையும் பேட்டரி தீரும் நேரமாகவே கண்முன் தெரிந்தது.

கோட்டக்குப்பத்தின் அண்டையில், 1968 பிப்ரவரி 28ஆம் நாள் தொடங்கப்பட்ட ஆரோவில், தானியங்கிக் கட்டுப்பாட்டை வேறொரு பக்கம் திருப்பியது. 1997இல் அங்கு இயங்கத் தொடங்கிய சூரியச் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவ ஆடி அசையாமல் நிற்க, ஒளி குவியும் இடத்தைத் தேடி அதன் ஏற்பிக் குழாய் மட்டும் கணினியின் வழிகாட்டலில் நாள் முழுதும் நகர்ந்து நீராவி உண்டாக்குகிறது. ஆரோவிலின் தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உச்சியில் உள்ள ஹீலியோஸ்டாட் என்னும் கருவி, சூரியனைப் பின்தொடர்ந்து ஒற்றை ஒளிக்கற்றையை உள்ளறையின் பளிங்குக் கோளத்தின்மேல் இறக்குகிறது. பகலில் அவ்வறைக்கு அதுவே விளக்கு. இங்கே கருவி கவனிப்பது மனிதரை அல்ல, சூரியனை. சூரியன் போகும் பாதை முன்கூட்டியே தெரிந்தது என்பதால் இக்கட்டுப்பாடு பிழைபடுவதும் அரிது. வெப்ப நாட்டுக் கட்டடத்தில் ஆளைத் தேடும் உணரியைவிட வெயிலைத் தேடும் உணரிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இப்பகுதியில் இல்லை.

இவ்வளவையும் கருத்தில் கொண்டு கோட்டக்குப்பத்தின் கட்டடங்களைப் பார்த்தால், அசைவுணரி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது விளங்கும். இவ்வூர் வாழ்வின் நடுவே நிற்கும் பள்ளிவாசல்களை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து வக்துத் தொழுகைகளுக்கும் மக்கள் சேர்ந்து வந்து சேர்ந்து கலைகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் ஓரிருவர் மட்டும் குர்ஆன் ஓதிக்கொண்டோ அமைதியாக அமர்ந்தோ இருப்பர். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யும் இடம், கழிவறை, மாடிப்படி, காலணி வைக்கும் முகப்பு ஆகியவை ஆள் கடந்து செல்லும் இடங்கள். அங்கே வெப்பமின் உணரி குறுக்கு நடையைக் கண்டு திறம்பட வேலை செய்யும். தொழுகைக் கூடமோ, வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையை நூற்றுக்கணக்கானோர் அசையாமல் கேட்கும் இடம்; அங்கே தலைக்கு மேலுள்ள விசிறியை அசைவுணரியிடம் ஒப்படைப்பது தவறு. வரிசை வரிசையாகத் தனி ஸ்விட்சு வைத்து, தொழுகை நேர அட்டவணையோடு இணைந்த நேரக்கட்டுப்பாடு அமைப்பதே அதற்குத் தகும். திருமண மண்டபங்களின் உணவுக்கூடம், மணமக்கள் அறை, வாகன நிறுத்தம் ஆகியவற்றுக்கும் இத்தகைய பகுப்பு வேண்டும். வெளிநாடுகளில் பிழைக்கச் சென்றவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்து, ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளில், வாயில் விளக்கை இரவெல்லாம் எரியவிடுவதற்கு மாற்றாக அசைவுணரியைப் பொருத்துவது காவலுக்கும் சிக்கனத்துக்கும் ஒருசேர உதவும். அக்கருவி முதலில் பிறந்த வேலையும் அதுவே.

இவை அனைத்துக்கும் முன்னே நிற்பது கட்டடத்தின் வடிவம். கடற்கரைச் சாலையோரம் இப்போது எழும் பல கட்டடங்கள், மேற்கு வெயிலை நேரே வாங்கும் கண்ணாடி முகப்போடும், எதிர்ச்சுவரில் திறப்பில்லாத அறைகளோடும், நிழல் விழாத மொட்டை மாடியோடும் கட்டப்படுகின்றன. அவற்றுக்குள் எத்தனை உணரிகளைப் பொருத்தினாலும், தேவையற்று உண்டாக்கிய வெப்பத்தை விரட்டும் செலவில் ஒரு சிறு பங்கை மீட்பதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். கோட்டக்குப்பம் 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்ந்துள்ளது. கட்டட அனுமதி கேட்டு வரும் வரைபடங்களில் எதிரெதிர்ச் சன்னல்களும், மேற்குச் சுவருக்கு நிழலும், மாடிக்கு இரண்டாவது மறைப்பும் உள்ளனவா என்று நகராட்சி முதலில் பார்க்க வேண்டும். பொதுக் கழிவறைகளிலும் மாடிப்படிகளிலும் நகராட்சியே அசைவுணரிகளைப் பொருத்தி, அவை கோடையிலும் வேலை செய்கின்றனவா என்று ஓராண்டு அளந்து பார்த்து, அந்த அளவீட்டை ஊராருக்கு வெளியிட வேண்டும்.